ஆட்டுக்குப் பூசிய திருநீறு

அன்பான பிள்ளைகளே, முருகன் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கானா நாட்டில் ஒரு கிராமத்தில், ஒரு ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்கி நின்றேன். ஆடு நடுங்கவில்லை. அது என் வேட்டிக் கரையை மென்றுகொண்டிருந்தது.

என் மகள் சின்னவளாக இருந்தபோது மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "முருகா, இவள் எழும்பி வந்தால் இனி மச்ச மாமிசம் தொடமாட்டேன். எனக்காக ஒரு உயிரும் சாகாது" என்று நேர்ந்தேன். எழும்பி வந்தாள். இப்போது என்னோடு மணிக்கணக்காக வாதாடும் அளவுக்கு அவளிடம் மூச்சு இருக்கிறது. அந்த நேர்த்தியை நான் எப்படி உடைப்பேன்?

நாங்கள் குடியேறிய ட்ருகனினா என்ற வெளிநாட்டு ஊரில், நான் வேலை செய்யும் கிடங்கில் என்னோடு பெட்டி ஏற்றுகிறவர் கானாக்காரரான கோஃபி. போன டிசம்பரில் என்னையும் மனைவி பவானியையும் தன் ஊருக்குக் கூட்டிப் போனார். வெளிக்கிட முன், "அங்கே என்ன சமைக்கச் சொல்ல?" என்று கேட்டார். விருந்துக்குப் போகிற இடத்தில் இது வேண்டும், அது வேண்டாம் என்று நாங்கள் சொல்வோமா? "எது தந்தாலும் சந்தோஷம்" என்றேன்.

கோஃபி தினமும் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்க்கிறவர். பருப்பு, கீரை, மறுபடி பருப்பு. பாவம், இந்த மனிதருக்கு இறைச்சி வாங்க வழியில்லை என்று தகப்பனுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்!

அந்த ஊர் மேளத்துக்கும் உபசரிப்புக்கும் பேர்போனது. விருந்தாளியின் பெயரை மேளத்திலேயே அடித்துக் கூப்பிடுவார்கள். சிவபாலன் என்ற என் பெயர் என் கல்யாணத்தில்கூட இவ்வளவு கம்பீரமாகக் கேட்கவில்லை. பிறகு கோஃபியின் தகப்பன், தான் குட்டியிலிருந்து வளர்த்த ஆட்டைக் கொண்டுவந்து கயிற்றை என்னிடம் தந்தார். பின்னால் ஒருவர் கத்தி தீட்டினார்.

நான் கோஃபியின் காதில் என் நேர்த்தியைச் சொன்னேன்.

"இதை இப்போதா சொல்வாய்?" என்றார் அவர். "ஊரே பார்க்கிறது. திருப்பிக் கொடுத்தால் அப்பா வெளியே தலைகாட்ட மாட்டார்."

பவானி என் முழங்கையில் இடித்தாள். "அண்டைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமெல்லோ? இப்ப நிண்டு முழியுங்கோ!"

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெரியவரின் மனதை உடைப்பதா, முருகனுக்குக் கொடுத்த வாக்கை உடைப்பதா? "முருகா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீயே பார்" என்றேன். மடியிலிருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினேன். ஆடு என்னை நிமிர்ந்து பார்த்தது. சாகப்போகும் உயிரை வெறும் நெற்றியோடு அனுப்ப மனம் வரவில்லை. அதற்கும் மூன்று குறியாகப் பூசிவிட்டேன்.

"இஞ்சேரப்பா, ஆட்டுக்குமோ?" என்றாள் பவானி.

மேளம் நின்றது. கத்தி தீட்டியவரும் நிறுத்தினார். சரி, அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். பெரியவர் கிட்ட வந்து என் நெற்றியைப் பார்த்தார். ஆட்டின் நெற்றியைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"இந்த வெள்ளை உன் கடவுளுடையதா என்று கேட்கிறார்" என்றார் கோஃபி.

"ஓம், ஓம்" என்று பயத்தில் தமிழிலேயே சொல்லித் தலையாட்டினேன்.

அவர்கள் ஊரிலும் கடவுளுக்கென்று விடும் உயிருக்கு வெள்ளைக் களிமண் பூசுவார்களாம். பூசியதை யாரும் வெட்டக்கூடாதாம். பெரியவர் கைகொட்டிச் சிரித்தார். தன் ஆட்டை விருந்தாளி தின்னாமல் கடவுளுக்கே கொடுத்துவிட்டான் என்று ஊருக்கு அறிவித்தார். மேளம் முன்னையிலும் பலமாக முழங்கியது. திருநீறு பூசிக்கொள்ள எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலில் நெற்றியை நீட்டியவர் கத்திக்காரர்தான். எங்களுக்கு அவித்த கிழங்கும் இறைச்சி போடாத கச்சான் கடலைக் குழம்பும் கிடைத்தன. பவானி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் "நான் சைவம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூச்சம் போய்விட்டது.

போன கிழமை கோஃபி தகப்பனோடு போனில் பேசினார். அங்கே மழையாம், ஆட்டின் திருநீறு கழுவுப்பட்டுப் போய்விட்டதாம். நான் பதறிப்போனேன். "இனி வெட்டுவினமோ?" என்று பவானியும் ஓடிவந்தாள். கோஃபி கேட்டுச் சொன்னார். பெரியவர் கோபித்துக்கொண்டாராம்: "மழை பூச்சைத்தானே கழுவும்? கடவுளுக்குக் கொடுத்ததை நான் திருப்பி எடுப்பேனா?"

முருகனுக்கு நன்றி. பிள்ளைகளே, வழி தெரியாமல் நிற்கும்போது நீங்களும் அவரைக் கூப்பிடுங்கள். எந்த வழியால் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எனக்கு ஒரு ஆட்டின் நெற்றி வழியாக வந்தார்.