சங்கு ஊதினால் சுற்றும் குதிரை

கூடாரம் போட அனுமதி கேட்கும் மனு என் மேஜையைத் தாண்டாமல் ஆம்பூரில் ஒரு முளைகூட அடிக்க முடியாது. நகராட்சித் தலைமைக் குமாஸ்தாவுக்கு இருந்த ஒரே மகிமை அது. பதிலுக்கு முன்வரிசை நாற்காலி கிடைக்கும். மனைவி இறந்துபோன பிறகு மாலைப்பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் நானும் போய் உட்காருவேன்.

அந்த வருஷம் பாலாற்று மணலில் சர்க்கஸ் போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் தோல் மண்டிக்காரர் ஒருவர். ஊரே குதிரையின் ஆட்டத்தைப் பார்த்தது. அவர் அதன் தோலைப் பார்த்தார். இடைவேளையில் சர்க்கஸ் முதலாளி எங்களைப் பெருமையாகப் பின்பக்கம் அழைத்துப் போனார். மண்டிக்காரர் பழக்கதோஷத்தில் குதிரையின் விலாத் தோலைக் கட்டைவிரலால் மடித்து நீவினார். விரலில் கரி ஒட்டியது.

“இன்னா முதலாளி, ஓட்டைய மறைக்கக் கரி பூசிக்கீறே? எங்கிட்டயேவா? பாருங்க சார், பூரா ஊசிக் குத்து. தழும்பு மேலயே புதுப் புண்ணு.”

“அது கொஞ்சம் சோம்பேறிங்க, பாய்.”

“உன்னை இப்டிக் குத்தினா நீ இன்னும் ஜாஸ்தியா ஆடுவே!”

மிருகவதைச் சட்டத்தின்படி மறுநாளே மாஜிஸ்திரேட்டுக்கு எழுதினேன். புண் ஆறும்வரை வேலை வாங்கக் கூடாது, தீனிச் செலவு சொந்தக்காரர் பொறுப்பு என்று உத்தரவாயிற்று. முதலாளி குதிரையை எங்கள் நகராட்சிப் பட்டியில் விட்டுவிட்டு, மற்ற மிருகங்களோடு ஊரைவிட்டே போய்விட்டார். கேட்பாரில்லாத பிராணியை ஏலம் விட வேண்டும். வேலூரில் இருந்த இன்னொரு சர்க்கஸின் ஆள் வந்து அதன் பல்லைப் பார்த்துவிட்டுப் போனான். என் சட்ட ஞானம் அதை ஒரு கூடாரத்திலிருந்து மீட்டு இன்னொரு கூடாரத்துக்கு அனுப்பவிருந்தது.

ஏலம் நடத்தும் ஆபீஸ்காரன் ஏலம் கேட்கக் கூடாது. அந்த விதியைப் பிறருக்குப் படித்துக் காட்டியவனே நான்தான்.

“நீங்க கேக்கக் கூடாது. நான் கேக்கலாமில்லே?” என்றார் மண்டிக்காரர். கேட்டார், எடுத்தார், என் வீட்டுப் பின்கட்டில் கொண்டுவந்து கட்டினார். “ஒண்டியா கீறீங்க. இதுவும் ஒண்டி. இருக்கட்டும்.” அன்பளிப்பு வாங்கவும் விதி குறுக்கே நின்றதால், கடைசிவரை அது அவர் குதிரை, என் வீட்டில்.

அதன் பிறகு வந்த கூடார மனு ஒவ்வொன்றிலும், ‘மிருகங்கள் இன்றி நடத்தினால் ஆட்சேபணை இல்லை’ என்று குறிப்பெழுதினேன். அதிகாரி ஒவ்வொரு தடவையும் ‘மிருகங்கள் இன்றி’யை மட்டும் அடித்துவிடுவார். ஓய்வு பெறும்வரை நானும் எழுதினேன், அவர்களும் அடித்தார்கள். அதிகாரிகள் மாறினார்கள், மை மாறவில்லை.

கயிற்றை அவிழ்த்துவிட்டும் குதிரைக்கு விடுதலை பிடிபடவில்லை. மாலையில் தோல் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் வட்டமாக ஓடத் தொடங்கும். கூடாரத்தில் ஆட்டம் தொடங்கும் நேரம் அது. நான் முற்றத்தின் நடுவே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாட்டைக்காரன் நிற்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது, இவ்வளவு படித்தவனுக்கு, ரொம்ப நாள் கழித்தே உறைத்தது. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினேன். அப்போதும் ஓடியது.

ஒரு மாலை சங்கு ஊதி அடங்கியது. குதிரை காதை மட்டும் திருப்பிவிட்டு, குனிந்து புல்லைத் தின்றுகொண்டிருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மண்டிக்காரர் சரக்கோடு மதராஸ் போயிருந்தார். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. எழுந்துபோய் அதனிடமே சொன்னேன்.