சொன்னதில் பாதி: கெல்சென்கிர்ச்சனில் ஒரு வார இறுதி

இது ஊர் பார்க்கப் போன பயணம் அல்ல. அண்ணை ஏழு மாதமாக என்னோடு கதைக்கவில்லை, அதனால் போனேன். கெல்சென்கிர்ச்சனுக்கு எப்படிப் போவது என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழி, நேரம், செலவு எல்லாம் வரும், ஆனால் கதையோடுதான் வரும்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்தில் கடை வைத்திருக்கிறேன். பால், பாண், லொத்தர் சீட்டு, பத்திரிகை. காலை ஐந்து மணிக்குப் பத்திரிகைக் கட்டு வாசலில் கிடக்கும். அதை வெட்டி அடுக்கும்போதே எல்லா முன்பக்கங்களையும் பார்த்து முடித்துவிடுவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் என் அரசியல் படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு அண்ணை ஜெர்மனியிலிருந்து போன் எடுப்பார். “இண்டைக்கு முன்பக்கத்திலை என்ன போட்டிருக்கிறாங்கள்?” என்று கேட்பார். நான் தலைப்புகளை வாசிக்க, அவர் சிரிப்பார். அந்த அழைப்புத்தான் நின்றுபோனது.

போன செப்டெம்பரில் லண்டனிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்தார். சின்னப் படகுகளில் கடல் கடந்து வருகிறவர்களைப் பற்றிக் கரையோரக் கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்கிறாராம். நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தார், கோப்பி கொடுத்தேன். இருபது நிமிடம் கதைத்தோம். “வரிசையில் வர வேண்டும்தான். ஆனால் நான் வந்த காலத்தில் வரிசை என்று ஒன்று இருக்கவில்லை, லொறிக்குள் படுத்துத்தான் வந்தேன்” என்று சொன்னேன். கூட வந்த படக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார், நின்றேன்.

மூன்றாம் நாள் கட்டை வெட்டினால் உள்ளே என் முகம். மேலே, ‘கதவை மூடுங்கள் என்கிறார் முன்னாள் அகதி’ என்று தலைப்பு. கதவு என்ற சொல்லையே நான் சொல்லவில்லை. கீழே என் வாயால் வந்ததாக இரண்டே வசனம்: “வரிசையில் வர வேண்டும். இந்த ஊர் இனித் தாங்காது.” லொறியைக் காணோம்.

அன்று மாலையே அந்தப் பக்கத்தின் படம் அண்ணையின் கைபேசிக்குப் போய்விட்டது. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது, நம்மவர்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: “நல்லாய்ப் பார்த்துத்தான் விட்டிருக்கிறாய்.” எனக்கு அது விளங்கவில்லை. திருப்பி எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. பிரித்தானியாவுக்குள் வருவதற்கு முன் எட்டு மாதம் அவர் வீட்டில்தான் ஒளித்திருந்தேன். அப்படிப்பட்டவன் பேப்பரில் கதவை மூடு என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஏப்ரலில் கடையை மூன்று நாள் மனைவியிடம் விட்டுவிட்டு நேரே போவது என்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 11.10க்கு லண்டனிலிருந்து டுசல்டோர்ஃப் விமானம். கைப்பையோடு மட்டும் போய்வர 94 பவுண். பறக்கிற நேரம் ஒரு மணி இருபது நிமிடம். கடவுச்சீட்டு வரிசையில் நின்றது ஐம்பத்தைந்து நிமிடம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு எங்களுக்கு மற்ற நாட்டவர் வரிசைதான். இப்போது விரல் அடையாளமும் முகப்படமும் வேறு எடுக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் டுசல்டோர்ஃபில் வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரர். என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, “சார், யூகே பாஸ்போர்ட் வச்சுக்கிட்டு நீங்களும் எங்க க்யூலயா?” என்று கேட்டார்.

“நாங்கள் வாக்குப் போட்டு வாங்கின க்யூ, தம்பி” என்றேன். உண்மையில் அந்த வாக்கெடுப்பு நாளில் நான் வாக்குப் போடவே போகவில்லை. கடையில் ஆள் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். விலகினால் எல்லாம் சரிவரும் என்று அன்று முன்பக்கத்தில் எழுதிய பத்திரிகைகள் இன்று இந்த வரிசையைப் பார்த்து அநியாயம் என்று எழுதுகின்றன. இரண்டையும் நான்தான் விற்றேன்.

முனையத்திலிருந்து விமான நிலைய ரயில் நிலையத்துக்குத் தொங்கு ரயிலில் போக வேண்டும், ஏழு எட்டு நிமிடம். பயணச்சீட்டை முதலே எடுத்துவிட்டால் அதற்குத் தனிக் காசு இல்லை. அங்கிருந்து ஆர்.ஈ. 2 ரயில் டுயிஸ்பேர்க், எஸன் வழியாகப் போகும், சொன்ன நேரம் முப்பத்தாறு நிமிடம். அன்று இருபத்திரண்டு நிமிடம் பிந்தி வந்தது. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று யாராவது சொன்னால், அவர் கனகாலமாக ஜெர்மனிப் பக்கமே வரவில்லை என்று அர்த்தம். கெல்சென்கிர்ச்சன் பிரதான நிலையத்தில் இறங்கி 302 ட்ராமில் பத்து நிமிடம். மாலை ஐந்து மணிக்கு அண்ணையின் வாசல் மணியை அடித்தேன்.

அண்ணைதான் திறந்தார். “வா” என்றார். அவ்வளவுதான். அண்ணி இடியப்பமும் மீன் குழம்பும் போட்டுத் தந்தா. அண்ணை எட்டு மணிச் செய்தி பார்த்தார், நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஜெர்மன் செய்தி வாசிப்பவர் நில அதிர்வையும் நாளைய மழையையும் ஒரே குரலில் வாசிக்கிறார், கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் பிரதமர் வீட்டுக் கறுப்புக் கதவுக்கு முன்னால் ஒரு நிருபர் மழையில் நனைந்தபடி, உள்ளேயிருந்து இன்னும் யாரும் வெளியே வரவில்லை என்பதையே ஒரு மணி நேரம் சொல்வார். பத்து வருடத்தில் எத்தனை பிரதமர் என்று எண்ண ஒரு கை போதாது. ஆட்சி மாறியது, கட்சியும் மாறியது, முன்பக்கத்தில் படகு மட்டும் மாறவில்லை. பேச்சைத் தொடக்கலாம் என்று இதையெல்லாம் அண்ணையிடம் சொன்னேன். “ம்” என்றார்.

அண்ணை நகர பஸ் ஓட்டுநர். சனிக்கிழமை காலை வேலை முடித்து இரண்டு மணிக்கு வந்தார். சீருடையையும் மாற்றாமல் குசினி மேசையில் இருந்து, அந்தப் பத்திரிகைப் பக்கத்தின் அச்சுப் பிரதியை என் முன்னால் வைத்தார். அண்ணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா.

“உதுக்கு எப்பிடி நீ ஓம் எண்டு விட்டனீ?” என்றார்.

“எதுக்கு அண்ணை?”

“அச்சடிக்க முதல் உனக்கு அனுப்பியிருப்பாங்கள்தானே. வாசிச்சுப் பார்த்துத்தானே விட்டனீ?”

“ஆர் அனுப்பினது?” என்றேன். அவர் எழும்பிப் போய் ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்தார். ஜெர்மனியில் இருக்கிற நம்மவர்கள் எல்லார் வீட்டிலும் இப்படிக் கோப்புகள் நிரையாக நிற்கும், பிறப்புச் சான்றிதழ் முதல் தண்ணீர்க் கட்டணம் வரை. அதற்குள்ளே போன வருடம் உள்ளூர்ப் பத்திரிகை அவரைக் கண்ட நேர்காணல் இருந்தது. அச்சுக்குப் போக முதல் அவர்கள் அனுப்பிய தாளும் இருந்தது, அதில் அண்ணையின் பேனாவால் இரண்டு திருத்தம். ஒன்று, பஸ் வழியின் எண். மற்றது, ‘பயந்து பயந்து வந்தேன்’ என்ற இடத்தில் ‘பயந்து பயந்து’ மட்டும் வெட்டியிருந்தது. அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அந்த ஒரு வரிச் செய்தி அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜெர்மனியில் நேர்காணல் என்றால் அச்சுக்கு முன் சொன்னவருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்குவது வழக்கமாம். சட்டம் இல்லை, வழக்கம். பிரித்தானியாவிலும் அப்படித்தான் என்று அண்ணை நினைத்துவிட்டார். நான் அந்தத் தலைப்பை ஆற அமர வாசித்து, சரி, போடுங்கோ என்று சொன்னதாக ஏழு மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அங்கை ஒருத்தரும் அனுப்புறேல்லை அண்ணை. நானே கடை வாசலிலைதான் பார்த்தனான்.”

அண்ணி கேத்தலை வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தா. “உதுக்கே ஏழு மாசம் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்? ஒரு போன் எடுத்துக் கேக்க ஏலாதே?”

அண்ணை என் பக்கம் திரும்பினார். “அண்டைக்கு அந்தப் பேப்பரை நீ வித்தனியோ?” என்று என்னைக் கேட்டார்.

“வித்தனான். பத்து மணிக்கு முதல் முடிஞ்சுபோச்சு.”

அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஜெர்மன் வழக்கம்தான் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. அங்கே அமைச்சர்களும் தங்கள் நேர்காணலைத் தாங்களே கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்புவார்களாம். பிரித்தானிய நிருபர் ஒரு கேள்வியைப் பத்துத் தரம் கேட்டு அமைச்சரை வியர்க்க வைப்பார், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அமைச்சருக்குப் பக்கத்தில் நின்று சமாளிக்க ஆள் இருக்கிறது, கடைக்காரனுக்கு இல்லை. இரண்டு பேரையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டுவதுதான் எனக்கு ஆத்திரம்.

அண்ணை சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து அச்சுப் பிரதிக்கு மேல் வைத்தார். “இப்ப திருத்து. நான் உனக்கு அனுப்பினதெண்டு நினை.”

தலைப்பை முழுதாக வெட்டினேன். வரிசை வசனத்துக்குப் பக்கத்தில் லொறியைத் திருப்பி எழுதினேன். பிறகு, ‘இந்த ஊர் இனித் தாங்காது.’ அதில் பேனா நின்றது.

அது நான் சொன்னது. அவர்கள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த நேரத்தில் கல்லாவுக்கு முன்னால் இரண்டு வாடிக்கைக்காரர் நின்றார்கள், இருவரும் தலையாட்டுவார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அரசியல்வாதிகளும் அதைத்தான் செய்கிறார்கள், அவர்களுடைய கடை கொஞ்சம் பெரிது. அந்த வரியை வெட்டாமல் விட்டுத் தாளை அண்ணை பக்கம் தள்ளினேன்.

“உதை ஏன் விட்டனீ?”

“உது நான் சொன்னது அண்ணை.”

அண்ணை தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “நீ வாறதுக்கு முதல் நாள் இந்த வீட்டிலை ஏழு பேர்” என்றார். “ரெண்டு அறை. நீ வாறாய் எண்டு போன் வர, நானும் உதைத்தான் சொன்னனான். இனி ஏலாது, வேறை இடம் பாருங்கோ எண்டு.”

எனக்கு அது தெரியாது. அண்ணியைப் பார்த்தேன். அவவுக்குத் தெரிந்திருந்தது.

“அடுத்த நாள் நீ வந்து மணி அடிச்சாய், நான் திறந்தனான். முதல் நாள் சொன்னதை ஒருத்தரும் எழுதேல்லை. எழுதியிருந்தா நீ இண்டைக்கும் என்னோடை கதைக்க மாட்டாய்.”

தாளின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். துளைபோட்டுத் தன் நேர்காணலுக்குப் பின்னால் கோர்த்துவிட்டு, “சாப்பிடுவம், பசிக்குது” என்றார்.

ஞாயிறு மத்தியான விமானத்தில் திரும்பினேன். போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிரித்தானியக் கடவுச்சீட்டோடு முதல்தரம் போனால் டுசல்டோர்ஃபில் வரிசைக்கு ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள், யாரையும் வாசலில் காத்து நிற்கச் சொல்லாதீர்கள். ரயில் பயணச்சீட்டை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுங்கள். உங்கள் கடைக்கு நிருபர் வந்தால் கோப்பி கொடுங்கள், ஆனால் ‘ஆனால்’ என்ற பிறகு வரப்போவதை முதலில் சொல்லுங்கள், வெட்டுவது எப்போதும் வாலைத்தான். உறவுக்காரர் பேப்பரில் ஏதும் சொன்னால் முகத்தைத் தூக்க முதல் ஒரு போன் எடுங்கள். இது அண்ணியின் அறிவுரை, என்னுடையது அல்ல.

அடுத்த ஞாயிறு கட்டை வெட்டி அடுக்கினேன். முன்பக்கத்தில் மறுபடியும் படகு. ஏழு மணிக்குப் போன் அடித்தது.

“இண்டைக்கு முன்பக்கத்திலை என்ன போட்டிருக்கிறாங்கள்?”

தலைப்பை வாசித்தேன்.

“தலைப்பு மட்டும் காணாது” என்றார் அண்ணை. “கீழையும் வாசி, முழுக்க.”

கடையில் ஆள் நின்றது. காத்திருக்கச் சொல்லிவிட்டு வாசித்தேன்.