தங்கத்தின் மேல் ஒளிராத கம்பி

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"ஏம்மா இப்படி நெளியிற? தங்கச்சி கல்யாணத்துக்குத்தானே பாக்குறோம், கொஞ்சம் சும்மா இரு லா" என்றார் அம்மா.

மனம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய துத்தநாக ஆக்சைடு கம்பிகளில் புற ஊதா லேசர் ஒளியை வரவழைப்பதுதான் என் முனைவர் பட்ட வேலை. கம்பி தடிமனாக இருந்தால் வெறும் கண்ணாடியின் மேல் கிடத்தினாலே லேசர் வந்துவிடும். மெலிந்தால் ஒளி உள்ளே தங்காமல் கசிந்துவிடும். உலோகத்தின் மேல் கிடத்தினால், கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒளியைப் பிடித்துவைக்கலாம். ஆனால் உலோகமும் ஒளியைத் தின்னும். நான் தங்கப் பூச்சைத்தான் நம்பியிருந்தேன். ஒளியைக் கூட்டிக் கூட்டிப் பாய்ச்சியதில் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கருகினவே தவிர, லேசர் வரவில்லை.

கூட ஆய்வு செய்த அக்கா, "தங்கம் இந்தப் புற ஊதா ஒளிய ரொம்ப முழுங்குது. அலுமினியம் போட்டுப் பாப்போம் லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் காரியத்தைக் கெடுத்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"படலம் இருக்கட்டுமே. கம்பி உலோகத்துல நேரா ஒட்டாம அது பாத்துக்கும்" என்றவர், அந்த ஞாயிறு அலுமினியத்தின் மேல் கம்பிகளைக் கிடத்தித் தானே அளக்கப் போயிருந்தார்.

பச்சைச் சேலை ஒன்றை அம்மா விரித்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்தது: "வந்திருச்சு. ஓடி வா."

"நீங்களே எடுத்துருங்கம்மா" என்று எழுந்துவிட்டேன். அம்மா திட்டியது வாசல் வரை கேட்டது.

ஆய்வுக்கூடக் கணினித் திரையில், ஒளியின் அலைநீள வரைபடத்தில், அகலமான மேட்டின் நடுவே ஊசி போல ஒரு கோடு நின்றது. லேசர்தான். ஆனால் என் வாயில் வந்தது, "தடிச்ச கம்பியா இருந்தா?" என்ற கேள்விதான்.

"சந்தோசப்படவே மாட்டியா நீ?" என்றார் அக்கா.

எலக்ட்ரான் நுண்ணோக்கி திங்கட்கிழமைதான் கிடைத்தது. அளந்து பார்த்தோம். கண்ணாடியில் ஒளிர்ந்த எந்தக் கம்பியையும்விட அது மெலிந்திருந்தது. அக்கா என்னை இறுகக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதைவிட மெலிந்தவற்றை அடுத்தடுத்த வாரங்களில் வைத்தோம். ஒரு குறிப்பிட்ட தடிமனுக்குக் கீழே அலுமினியமும் கைவிட்டது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதே என் ஆய்வேட்டின் பெரிய அத்தியாயமாயிற்று. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் அதைப் பாராட்டினார்கள். நானோ, அலுமினியத்துக்குப் பதில் வெள்ளியை வழவழப்பாகப் பூசினால் என்ன ஆகும் என்று அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றேன்.