சுமியே மூட்டிவிட்ட சண்டை

டோக்கியோவில் புத்தகக் கடைகள் நெருக்கியடிக்கும் ஜிம்போச்சோவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது குவபரா சுமியேயின் பதிப்பகம். இங்கிலீஷ் நாவல்களை ஜப்பானியத்திலும் ஜப்பானிய நாவல்களை இங்கிலீஷிலும் போடுவாள். முன்பு ஏற்றுமதிக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். இரு தரப்பும் கைகுலுக்கிவிட்டு ஆளுக்கொரு அர்த்தத்தோடு வீட்டுக்குப் போவதைப் பத்து வருஷம் பார்த்துச் சலித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

அந்த வசந்தத்தில் அவள் மேஜைக்கு இரண்டு கையெழுத்துப் பிரதிகள் வந்தன. வேலித் தகராறில் ஜென்மப் பகையாளிகளான இரண்டு இங்கிலீஷ்காரிகளின் கதையை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்தவர் நெகோரோ, வசவு வார்த்தையே வராத பரம சாது. கீழ்க்கடை அம்மாளிடம் அதைப் படிக்கக் கொடுத்தாள் சுமியே.

"ரெண்டு பேரும் இவ்வளவு அன்னியோன்யமா இருக்காங்களே, அப்புறம் ஏன் ஒருத்தி ஊரை விட்டே போறா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

மற்றது, ஃபெரிஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கிலீஷாக்கிய ஜப்பானியக் காதல் கதை. பெண் கேட்டு வந்தவனிடம் அப்பா "கொஞ்சம் கஷ்டம்" என்கிறார். அது நாசூக்கான மறுப்பு என்று தெரியாமல் ஃபெரிஸ் அப்படியே எழுதியிருந்தார். சிரமப்பட்டாவது அப்பா கல்யாணத்தை முடித்துவைப்பார் என்றுதான் இங்கிலீஷ் வாசகர்கள் நம்புவார்கள்.

சுமியே யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பிரதிகளை மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, ஒரு வாரம் கழித்து இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். டீ ஊற்றிவிட்டு ஓரமாகப் பென்சில் சீவினாள்.

"நெகோரோ சான், என் மொழிபெயர்ப்பு எப்படி?" என்றார் ஃபெரிஸ்.

நெகோரோ பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "கொஞ்சம் கஷ்டம்தான்..."

"ஆமா, ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் செஞ்சேன். அப்ப அப்படியே விட்டுடலாம்ல?"

"இல்ல, அது வந்து கொஞ்சம்..."

"ரொம்ப நன்றி. முதலாளியம்மா, அச்சுக்கு அனுப்பிடலாம்."

"ஆகட்டும்" என்று சுமியே பிரதிக்குக் கை நீட்டினாள்.

நெகோரோவின் காது சிவந்தது. "யோவ் மடையா, கஷ்டம்னா முடியாதுன்னு அர்த்தம்யா. பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருந்து என்னத்தக் கிழிச்ச?"

ஃபெரிஸ் பேனாவை எடுத்து, பிரதியின் ஓரத்தில் 'அப்பா மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். தான் பேசியது அப்போதுதான் உறைக்க, நெகோரோ மன்னிப்புக் கேட்க இடுப்பை வளைத்தார்.

"குனியாதீங்க நெகோரோ சான்" என்றாள் சுமியே. "மறந்துபோறதுக்குள்ள இப்ப சொன்னதை மூணாம் அத்தியாயத்துல எழுதுங்க. வேலிக்காரி பேசவேண்டிய பேச்சு அதுதான்."

இலையுதிர் காலத்தில் இரண்டு புத்தகங்களும் வந்து, நன்றாகவே போயின. அடுத்ததாக ஒரு தோட்டக்கலைப் புத்தகத்தைக் கொடுத்தபோது நெகோரோ அதைப் புரட்டிப் பார்த்து முகம் வாடினார்.

"இதுல யாரும் யாரையும் திட்டவே இல்லையே, முதலாளியம்மா."