திரேசக்கா கொண்டுபோன பிறந்தநாள்கள்

திரேசக்காவின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் நெடுந்தீவுக்கு ஒரு கேக் போகவேண்டியிருந்தது. "வசந்தி அக்கா, அக்கா போயிட்டா" என்றார். எங்கே போய்விட்டார் என்று நான் கேட்டேன். நெஞ்சு நோகிறது என்று முதல்நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர், "வந்திடுவன், அதுவரைக்கும் நீர் சமாளியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். ஆகவே தம்பி சொன்னதன் அர்த்தம் எனக்கு உடனே ஏறவில்லை. ஏறிய பிறகும் அந்தக் கேக்கைச் செய்து அனுப்பினேன். அதில் நான் எழுதிய பெயர் கோணலாக இருந்தது.

திரேசக்காவைத் தெரியாத வீடு தீவுப்பகுதியில் குறைவு. ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நீர்கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை செய்து கேக் போடப் பழகினார். ஊர் திரும்பியபின் கேக் செய்து விற்கத் தொடங்கினார். வேலணையிலிருந்து நான் போய் அவரோடு சேர்ந்தேன். எங்களுக்கு வேலை தந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்கள். இங்கே தனித்திருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தநாள் கேக் கொண்டுபோய்க் கொடுத்து, கைபேசியில் முகத்தைக் காட்டச் சொல்வார்கள். தாங்கள் வாழும் நாட்டு வழக்கங்களையும் கூடவே அனுப்புவார்கள். எந்த நாட்டில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எங்களைப்போல் அறிந்தவர்கள் இந்தத் தீவுகளில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

ஒருமுறை வேலணையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். படுக்கையில் கிடந்த ஒரு அம்மாவுக்குப் பிறந்தநாள். ஒல்லாந்தில் இருக்கும் பேத்தி கைபேசியில் தோன்றி, "எங்கட நாட்டிலை பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்றேல்லை அன்ரி, வீட்டிலை நிக்கிற எல்லாருக்கும் கை குடுத்து வாழ்த்தவேணும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். திரேசக்கா சிரிக்கவில்லை. குசினி வாசலில் கைகளைத் துடைத்தபடி நின்ற மருமகளிடம் நேரே போனார். அந்த அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து வந்தவள் அவள்தான். அவளுடைய ஈரக்கையைப் பிடித்து, "உமக்கும் வாழ்த்துப் பிள்ளை. உம்மாலைதானே இந்தப் பிறந்தநாள்" என்றார். அந்தப் பெண் குசினிக்குள் திரும்பிப் போய்விட்டாள். கேக் வெட்டும்போது அவள் கண்கள் சிவந்திருந்தன. அதன்பிறகு திரேசக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் பார்த்துக்கொள்ளும் ஆளைத் தேடி வாழ்த்தாமல் திரும்பியதில்லை. "நல்ல பழக்கம் எந்த நாட்டுக்காரன்ர எண்டால் என்ன?" என்பார்.

நாகலிங்கம் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் திரேசக்காவைப் பற்றி எழுத ஏலாது.

ஐயா அனலைதீவில் தனியே இருந்தார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் ரவி டென்மார்க்கில். முதலில் விசா இல்லை, பிறகு வேலை, பிறகு பிள்ளைகளின் படிப்பு என்று அவன் ஊருக்கு வராமலே வருடங்கள் போயின. முதன்முறை அவன் சொன்னபடி அந்த நாட்டின் சிவப்பு வெள்ளைக் கொடிகளைக் கடதாசியில் வெட்டி, கேக்கைச் சுற்றி நட்டு, மடியில் வைத்து வள்ளத்தில் கொண்டுபோனோம். அங்கே யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கொடி வைப்பார்களாம்.

ஐயா கேக்கை நீண்ட நேரம் பார்த்தார். "இது ஆற்ற கொடி?"

"உங்கட பேரப்பிள்ளையள் இருக்கிற நாட்டுக் கொடி ஐயா."

"ஓ" என்றார். பிறகு சொன்னார்: "இண்டைக்கு என்ர பிறந்தநாள் இல்லைப் பிள்ளை. இது பள்ளிக்கூடத்திலை சேர்க்கேக்கை வாத்தியார் போட்ட திகதி. நான் பிறந்தது ஆவணி மூலம். அது முந்தியே வந்து போட்டுது."

அவருடைய கணக்கில் பிறந்தநாள் என்பது கோயிலில் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யும் நாள். மகனுக்குத் தெரிந்ததோ அடையாள அட்டையில் இருந்த திகதி மட்டும். ஆனாலும் ஐயா கேக்கை வெட்டினார். கைபேசியில் மகனின் முகம் மறைந்தபின் ஒரு கொடியைப் பிடுங்கித் துடைத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகினார். "அவன் எப்ப வாறானாம்?" என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் அதையே கேட்டார்.

ஒரு வருடம் ரவி உண்மையிலேயே வருவதாகச் சொன்னான். மனைவி, பிள்ளைகளோடு வந்து, கேக்குக்குப் பின்னால் வாசல் படலையில் நிற்பானாம். "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, திடீரெண்டு போய் நிக்கவேணும்" என்றான். திரேசக்காவுக்கும் அது பெரிய சந்தோசம். வேறு எந்த வேலையையும் அவர் அவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

அதற்குச் சில நாள்களுக்கு முன் ஐயா கிளினிக்குக்காக ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தார். இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருந்தவரை நாங்கள் கண்டோம். மெலிந்திருந்தார். "என்ர நாள் போன கிழமை போட்டுது பிள்ளை. அர்ச்சனை செய்தனான்" என்றார். பிறகு, "இனி உங்கட நாள்தானே. இந்த முறையும் கேக்தானோ?" என்று கேட்டார்.

திரேசக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓம் ஐயா, கேக்தான்" என்றார்.

"அப்ப சரி" என்று ஐயா வள்ளத்தில் ஏறினார்.

ரவியின் விமானம் புறப்படுமுன்பே ஐயா நித்திரையில் போய்விட்டார். ரவி செத்தவீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தான். நாங்களும் போனோம். திரேசக்கா அவனைத் தனியே கூப்பிட்டு, "உம்மட அப்பா இந்த முறையும் கேக்தானோ எண்டு என்னட்டைக் கேட்டவர் தம்பி. நீர் வாறதை நான் சொல்லேல்லை" என்றார்.

"நான்தானே அக்கா சொல்லவேண்டாமெண்டனான்" என்றான் ரவி. திரும்பி வருகையில் வள்ளத்தில் திரேசக்கா கடலைப் பார்த்தபடியே இருந்தார். "மகன் வாறான் எண்ட ஒரு சொல்லுக்குத்தான் அவர் கேட்டவர் வசந்தி" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவர் ஒரு முடிவெடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல் யாருடைய வாசலிலும் போய் நிற்பதில்லை. முன்னதாகவே போய், இன்ன நாள் வருகிறோம், இன்னார் கதைப்பார், இன்னார் வருகிறார் என்று சொல்லிவிடுவார். வெளிநாட்டுக்காரர் பலர் கோபித்தார்கள். திடுக்கிடும் முகத்தைப் பார்க்கத்தானே கேட்டோம் என்றார்கள். சிலர் எங்களை விட்டு யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குப் போனார்கள். எனக்கும் அது சற்றுக் கடுமையாகத்தான் பட்டது. ஒருநாள் கேட்டேன். மா அரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "காத்திருக்கிறதும் கொண்டாட்டம்தான். வயசுபோனதுகளிட்டை இருந்து அதை ஏன் பறிப்பான்?"

ஐயாவுக்குச் சொல்லாமல் விட்ட கவலை அவரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு ஆவணியிலும் மூல நட்சத்திரம் எப்போது வருகிறது என்று என்னிடம் கலண்டரில் பார்க்கச் சொல்வார். அன்று தன் கோவிலில் ஐயாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். சைவருக்கு மாதா கோவிலில் மெழுகுதிரியா என்று யாரோ கேட்டபோது, "அவருக்கு இப்ப எல்லாம் ஒண்டுதான்" என்றார். ரவி பிறகு ஊருக்கு வரவேயில்லை.

திரேசக்கா போனபின் எனக்கு வந்த முதல் புதிய அழைப்பு ஜேர்மனியிலிருந்து. தாய் மடத்துவெளி என்ற ஊரில் இருக்கிறார். மகள் பிறந்தநாளுக்கு நேரில் வருகிறாள். "தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ. அதோடை இஞ்சை ஜேர்மனியிலை பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்தினால் கூடாது எண்டு நம்புறவை, நானும் இப்ப அப்பிடித்தான்" என்றாள். நாகலிங்கம் ஐயாவின் கதையை அவளுக்குச் சொன்னேன். கடைசியில், "சரி அன்ரி, போய்ச் சொல்லுங்கோ. வாழ்த்த மட்டும் வேண்டாம்" என்றாள்.

போனேன். அந்த அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, நான் வாழ்த்த வரேல்லை. உங்கட மகள் வாறா. அதைச் சொல்லத்தான் வந்தனான்" என்றேன்.

"ஆர், என்ர சுகந்தியோ? எப்ப?"

"வாற வெள்ளிக்கிழமை."

அவர் மிளகாய்க் கையோடு கதிரையில் இருந்தார், உடனே எழும்பினார். "வெள்ளிக்கிழமையெண்டால் மச்சம் சமைக்க ஏலாதே. சனிக்கிழமை மீன் போட்டுக் கூழ் காய்ச்சுவம், அவளுக்கு விருப்பம். மெத்தையை வெய்யிலிலை போடவேணும்" என்று எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் படலையைத் தாண்டுமுன், வேலிக்கு மேலால் அடுத்த வீட்டாரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

திரேசக்காவை அறிந்தவர்களே, அவருடைய தட்டுகளும் அச்சுகளும் தம்பி வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. வேணுமா என்று அவர் கேட்டபோது, எனக்கு வேண்டாம் என்றேன். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது, முன்னதாகவே போய்ச் சொல்லிவிடும் அந்த ஒரு நடைதான். அந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க நாள்கள் இருந்தன. அதைப் பார்க்கத்தான் திரேசக்கா இல்லை.