நான்சியின் காதுக்கு ஒரு கம்பிச் சுற்று

ஆண்டனிராஜுக்கு நாற்பத்தாறு வயது. திண்டுக்கல்லில் இருந்து தாடிக்கொம்பு போகிற ரோட்டில் இன்வெர்ட்டர், கேமரா, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். படிப்பு ஐடிஐ. மற்றதெல்லாம் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வீட்டுக்கு ஒரு மிக்சி வந்தால் அன்றைக்கே திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவார். மொட்டைமாடித் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்று அவருடைய போனுக்குச் செய்தி வரும். பங்குக் கோயிலின் மைக் செட் அவர் பொறுப்பு. சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்கும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். யாராவது சிரித்தால், "சூடான சாமானைத் தொடப் போறேன், சொல்லிட்டுத் தொட வேண்டாமா?" என்பார்.

அவர் மனைவி நான்சி பதினேழு வயதில் நூல் மில்லுக்குப் போனவர். இருபத்திரண்டு வருசம் அங்கே வேலை. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை அம்புட்டையும் பேசிக்கொள்ள அங்கே வேலை பார்த்த பெண்கள் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் பின்னால் ஒரு விசயத்தை மறைத்துவிட்டது. நான்சிக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே முழுசாகத் தெரியவில்லை.

2020இல் எல்லாரும் மாஸ்க் போட்டார்கள். உதடுகள் மறைந்தன.

கோயில் மறுபடி திறந்த பிறகு நான்சி கேட்டார், "ஏங்க, ஃபாதர் ஏன் இப்பல்லாம் முணுமுணுக்கிறாரு?"

ஆண்டனிராஜ் மைக்கைச் சந்தேகப்பட்டார். மாற்றினார். ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துத் துடைத்தார். ஸ்பீக்கர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. மறு ஞாயிறும் நான்சி அதையே சொன்னார். அன்றைக்கு மத்தியானம் ஆண்டனிராஜ் வீட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். நான்சி முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான்சி, உன் சேலையில தீப்பிடிச்சிருச்சு."

சோதிப்பதற்காகத்தான் சொன்னார். நான்சி நிமிரவில்லை. கத்தி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே ஆண்டனிராஜ் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் சோதித்துப் பார்த்து, நரம்பு பாதிப்பு, திரும்பி வராது என்றார். காது மிஷின் வைத்தார்கள். வீட்டுக்குள் அது உதவியது. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்டது. ஆனால் உயரமான கூரை போட்ட கோயிலுக்குள் அது படாத பாடு படுத்தியது. "ஃபாதர் பேச்சு, ஃபேன் சத்தம், பிள்ளைங்க அழுகை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அரைச்சுக் காதுல ஊத்துற மாதிரி இருக்குங்க" என்றார் நான்சி. கொஞ்ச நாள் மிஷினை அணைத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார். வீட்டிலேயே செபமாலை சொன்னார்.

ஆண்டனிராஜ் அந்த மிஷினோடு வந்த சின்னப் புத்தகத்தை எழுத்து எழுத்தாகப் படித்தார். அதில் 'டி' என்று ஒரு நிலை இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் மிஷின் அந்த நிலைக்குப் போகும். விற்றவரிடம் கேட்டதற்கு, "அது பழைய டெலிபோனுக்கு சார். இங்க யாரும் அதைத் தொடுறதே இல்ல" என்றார். யாரும் தொடாதது என்றால் ஆண்டனிராஜுக்கு அது போதும். தேடிப் படித்தார். அந்த நிலையில் மிஷினின் மைக் அணைந்துவிடும். அதற்குள் இருக்கும் குட்டிக் காயில், அதாவது கம்பிச் சுருள், மட்டும் வேலை செய்யும். ஒரு மண்டபத்தைச் சுற்றிக் கம்பி ஓட்டி, மைக்கில் பேசுவதை அந்தக் கம்பி வழியாக அனுப்பினால், நடுவில் உட்கார்ந்திருப்பவரின் மிஷின் அதைக் காந்தமாக வாங்கி நேராகக் காதுக்குள் கொடுத்துவிடும். எதிரொலி இல்லை, ஃபேன் இல்லை, அழுகை இல்லை.

முதலில் வீட்டுக் கூடத்தைச் சுற்றி ஒயர் ஓட்டி டிவியோடு இணைத்தார். நான்சி பொத்தானை அழுத்தினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் கேட்டதும் சட்டென்று திரும்பிப் பார்த்தார். காதோரம் யாரோ வந்து நின்று பேசுகிற மாதிரி இருந்ததாம்.

"கோயில்ல இதைப் போடப் போறேன்" என்றார் ஆண்டனிராஜ்.

பங்குச்சாமியாரான ஃபாதர் இன்னாசிமுத்துவுக்குச் சம்மதம். பங்குப் பேரவைச் செயலாளர் சவரிமுத்துவுக்குச் சம்மதம் இல்லை. கோயிலுக்கு அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தது. "ஒரு ஆளுக்காகச் சுவத்தைச் சுத்தி ஒயர் இழுக்கணுமா?" என்றார். "வேற யாருக்காச்சும் காது கேக்கலைன்னா சொல்லச் சொல்லுவோம். பூசை முடிஞ்சதும் மைக்குல அறிவிப்பு குடுப்போம்."

அறிவிப்பு கொடுத்தார்கள். காது கேட்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். ஒரு கையும் எழும்பவில்லை. சவரிமுத்து, பார்த்தீர்களா என்பது போல ஆண்டனிராஜைப் பார்த்தார்.

"அண்ணே, கேக்காதவங்களுக்கு நீங்க கேட்டது எப்படிண்ணே கேக்கும்?" என்றார் ஆண்டனிராஜ்.

அடுத்த இரண்டு வாரம் கடையைச் சாயங்காலம் சீக்கிரமே அடைத்துவிட்டு வீடு வீடாகப் போனார். ஏழு பேர் கிடைத்தார்கள். அதில் ஐந்து பேர் மில்லில் வேலை பார்த்த பெண்கள். காது மிஷினை வாங்கி மாட்டாமலே அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தவரும் உண்டு. ஏழு பெயரையும் எழுதி ஃபாதரிடம் கொடுத்தார். சவரிமுத்து அதற்கு மேல் மறுக்கவில்லை. "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ஆண்டனிராஜ் தரையோரச் சந்தில், டைல்சுக்கும் சுவருக்கும் நடுவே கம்பியை ஒட்டிக்கொண்டே போனார்.

முதல் சோதனையில் ஆம்ப்ளிஃபையர் புகைந்தது. ஒரே ஒரு சுற்றுக் கம்பிக்கு மின்தடை போதாது, மின்சாரம் மட்டுமீறிப் பாய்ந்துவிட்டது. கணக்குப் போட்டு, வேறு ஆம்ப்ளிஃபையரை அதற்கென்றே மாற்றிக் கட்டினார். இரண்டாவது சோதனைக்கு நான்சியோடு மில்லில் வேலை பார்த்த பொன்னழகுவும் வந்தார். அவருக்கும் அதே காது, அதே மிஷின். பொன்னழகு இந்து. "கூட ரெண்டு காது இருந்தா நல்லதுதானே" என்று தானாகவே வந்தார். இரண்டு பேரும் நடுப் பெஞ்சில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள்.

"என்ன கேக்குது?"

"மில்லு கேக்குது" என்றார் பொன்னழகு.

இடைவிடாத ஒரு ரீங்காரம். ஆண்டனிராஜ் ஒரு பழைய ரிலே சுவிட்சின் காயிலை ஹெட்போனோடு இணைத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார். சுவரில் காயிலை வைத்துக் காது கொடுத்துக் கேட்கிறவரைப் பார்த்துப் பூ மாற்ற வந்த பெண்கள் விலகிப் போனார்கள். கடைசியில் காரணம் பிடிபட்டது. யாரோ எப்போதோ செய்த ஒயரிங்கில், ஃபேனுக்குப் போகிற கம்பி ஒரு சுவர் வழியாகப் போய், திரும்பி வருகிற கம்பி எதிர்ச் சுவர் வழியாக வந்தது. கோயிலே ஒரு பெரிய காயிலாகி ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"இதை அப்படியே விட்டா ஒண்ணும் ஆகாதே?" என்றார் ஃபாதர்.

"ஃபேன் ஓடும் ஃபாதர். அவங்களுக்குக் கேக்காது."

மூன்று சனிக்கிழமை. போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒரே குழாயில் சேர்த்து மொத்த ஒயரிங்கையும் மாற்றினார். ஏணியில் நின்று நின்று கால் வீங்கியது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் நான்சியும் பொன்னழகுவும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஃபாதர் மைக்கில் நற்செய்தி வாசித்தார்.

பொன்னழகு கையை உயர்த்தினார். "சாமி, நீங்க சொல்றது எனக்கு அர்த்தம் ஆகல. ஆனா ஒரு எழுத்து விடாமக் கேக்குது!"

நான்சியும் கேட்கிறது என்று தலையாட்டினார். மறுநாள் குருத்தோலையோடு வந்து இயேசுவின் பாடுகளின் வாசகம் முழுவதையும் கேட்டார். ஆண்டனிராஜ் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்த சந்தோசம் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார், "சரியாக் கேக்கலையா?"

"நல்லாத்தாங்க கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் ஒரு மாதிரி இருக்க?"

நான்சி குருத்தோலையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு சொன்னார்.

"நான் ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி நாலு வருசம் ஆச்சுங்க. கடைசியா போனப்ப, ஃபாதர் சொன்னது எனக்குக் கேக்கல. திரும்பத் திரும்பக் கேட்டேன். பாவம், அவரும் சத்தமாச் சொன்னாரு. 'நாத்தனார் மேலயா கோபம்?'னு. எந்திரிச்சு வெளிய வந்தா வரிசையில உங்க தங்கச்சி நிக்குது."

தங்கச்சி நாலு வருசமாக வீட்டுப் பக்கம் ஏன் வரவில்லை என்பது ஆண்டனிராஜுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதை விடவும் ஒன்று உறைத்தது. கோயிலில் உனக்கு என்ன கேட்கவில்லை என்று அவர் நான்சியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பிரசங்கம்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அம்புட்டு ஆசையா வேலை பாத்தீங்க. எப்படிச் சொல்றது?"

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருந்தது. பெரிய வெள்ளிக்கு முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். கோயிலைச் சுற்றிய கம்பி இதற்கு ஆகாது. அதில் பேசினால் உள்ளே மிஷின் வைத்திருக்கிற எல்லாருக்கும் கேட்டுவிடும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வேண்டும். கழுத்தில் மாலை மாதிரி போடுகிற சின்னச் சுற்று ஒன்றைச் செய்ய முடிவு செய்தார். மெல்லிய செப்புக் கம்பியைப் பல சுற்று சுற்றினார். நான்சி அதைப் பருத்தி நாடாவுக்குள் வைத்துத் தைத்தார். தீப்பெட்டி அளவு ஆம்ப்ளிஃபையர், ஃபாதரின் வாயருகே பிடிக்க ஒரு சின்ன மைக். இரண்டுக்கும் நடுவே ஒயர். புளூடூத்தில் செய்திருந்தால் வேலை பாதிதான். ஆனால் காற்றில் போகிறதை வேறு யாராவது பிடித்துவிடலாம் என்று அவர் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை.

புதன்கிழமை அதை ஃபாதரிடம் கொண்டுபோனார். ஃபாதர் கையில் வாங்காமல் கேட்டார், "ஆண்டனி, இது எதையாவது பதிவு பண்ணுமா?"

ஆண்டனிராஜ் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினார். "இது சிப், இது பேட்டரி, இது சத்தம் கூட்டுறது. பதிவு பண்றதுக்கு இதுல ஒரு துளி இடம் கிடையாது, ஃபாதர். நீங்க சொன்னது அந்த நிமிசமே போயிரும்."

பிறகு சோதனை. நான்சி பாவசங்கீர்த்தன மரக்கூண்டின் இந்தப் பக்கம் நாடாவைப் போட்டுக்கொண்டு முழந்தாளிட்டார். ஃபாதர் உள்ளே ஒரு செபத்தைச் சொன்னார்.

"இன்னும் மெதுவா, ஃபாதர்" என்றார் நான்சி. "இன்னும் மெதுவா. ம், இது போதும்."

ஃபாதரின் உதடுதான் அசைந்தது. ஆண்டனிராஜ் ரிலே காயிலைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்கு இரண்டு எட்டு தள்ளி நின்று ஹெட்போனில் கேட்டார். ஒன்றும் இல்லை. ஒரு எட்டு. ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார்.

மறுநாள் சாயங்காலம் நான்சி வரிசையில் நின்றார். ஆண்டனிராஜ் கோயிலுக்குள் வரவில்லை, கேட்டருகே பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார். உள்ளே நான்சி போய் இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து கால் மாற்றி நின்றார்கள். அவர் வெளியே வந்ததும் பீடத்துக்கு முன்னால் நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். பிறகு கேட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"வண்டிய எடுங்க" என்றார் நான்சி. "வீட்டுக்கு இல்ல, உங்க தங்கச்சி வீட்டுக்கு."

அங்கே நடந்ததை இரண்டு பெண்களும் வெளியே சொல்லவில்லை. ஆண்டனிராஜ் வாசலில் அவருடைய மச்சானோடு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து முதலில் சண்டை போடுகிற சத்தம் வந்தது. அப்புறம் அழுகை. அப்புறம் காபி வந்தது. எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் ஈஸ்டருக்கு அந்தத் தங்கச்சி ஒரு தூக்கு நிறையக் குழம்போடு வீட்டுக்கு வந்தது.

இப்போது அந்தக் கோயிலில் ஒன்பது பேர் 'டி' பொத்தானை அழுத்துகிறார்கள். நாடாவை ஃபாதர் மேசை டிராயரில் வைத்திருக்கிறார், கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார். ஆண்டனிராஜை வேறு ஊர்களில் இருந்து கூப்பிடுகிறார்கள். எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை. கன்னிவாடிப் பக்கம் சுவர் பாதியும் கூரை முழுதும் இரும்புத் தகரமாக இருக்கிற ஒரு சின்னக் கோயில், காந்தத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. மூன்று தடவை போய்த் தோற்றுவிட்டார். நாலாவது தடவை கம்பியைத் தரையில் எட்டு மாதிரி மடித்துப் போட்டுப் பார்த்தார். நான்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆண்டனிராஜ் முட்டி போட்டுக் கம்பியை ஒவ்வொரு அடியாக நகர்த்தினார்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"ம்ஹூம்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு அடி நகர்த்தினார்.

"இப்ப?"

நான்சி தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "லேசாக் கேக்குது. அதை அப்படியே பிடிங்க, நகத்திராதீங்க."