சாலையைக் கடந்த கடை

போன வருடம், மாங்காய் லாரிகள் வரிசை கட்டி ஓடுகிற மாதத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர் பக்கம். ஆந்திர எல்லையைத் தாண்டி சத்தியவேட்டில் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போய்வருகிறேன். விடுமுறை வந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சாலையோரக் கடைகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய விளம்பரத் தகரங்களைத் தேடிப் படம் எடுப்பதில் அப்படி ஒரு பைத்தியம் எனக்கு.

அப்படித்தான் சென்னை-திருப்பதி சாலையில் மரத்தாலான அந்தக் கடையைப் பார்த்தேன். கருங்கற்களின் மேல் நிறுத்திய பலகைக் கடை, சின்ன அறை அளவு இருக்கும். பலகையே தெரியாமல் சுற்றிலும் தகரம். டீத்தூள், சைக்கிள் டயர், பல்பொடி, தீப்பெட்டி. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் படும் பக்கம் முழுக்கத் தமிழ். திருப்பதியிலிருந்து வருகிறவர்கள் பார்க்கும் பக்கம் தெலுங்கு. உள்ளே அரிசி முதல் ஆட்டுக் கயிறு வரை எல்லாம் கிடைக்கும், டீயும் உண்டு. கடையை நடத்தியவர் ஐம்பது வயதுள்ள ஓர் அக்கா. கணவர் காலமான பிறகு அவருக்கு அந்தக் கடைதான் எல்லாம்.

சாலையை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். கடையை எடுத்துவிடச் சொல்லியிருந்த கெடுவும் வந்தது. பக்கத்தில் வேறு இடமில்லை. எதிர்ப்பக்கத்தில் அக்காவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது, ஆனால் புதிதாகக் கட்ட வழியில்லை. பிரித்து விறகுக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னவர், நான் ஆசைப்பட்ட நீல டீத்தூள் தகரத்தை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

கெடு நாளன்று காலையிலேயே குறடு, சுத்தியலோடு போனேன். பொக்லைன் இயந்திரம் வந்து நின்றிருந்தது. சாமான்களைப் புளியமரத்தடிக்கு மாற்ற அக்காவுக்கு உதவிவிட்டு, தகரத்தின் மேல் மூலையில் இருந்த ஆணியைப் பிடுங்கினேன். பலகை அப்படியே வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து மண்ணாகக் கொட்டியது. கூரை ஒருபக்கம் முனகிக்கொண்டு சாய்ந்தது. நான் பயந்துபோய் உள்ளங்கையால் தகரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா ஓடிவந்து பார்த்தார். பலகை முழுக்கச் செல்லரித்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த தகரங்கள்தான் இத்தனை காலமும் கடையை நிற்க வைத்திருக்கின்றன.

"நான் தெனம் இதுக்குள்ளதானே குந்திக்கினு இருந்தேன்" என்றார் மெல்ல. சேலைத் தலைப்பால் தகரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். பிடுங்கிய ஆணியைத் திரும்ப அடித்தேன்.

அந்த நேரம் டீ குடிக்க ஒரு மாங்காய் லாரி வந்து நின்றது. சுமை ஏற்றுகிறவர்கள் இறங்கினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவர்களில் பெரிய மீசை வைத்த ஒருவர் குனிந்து கடைக்கு அடியில் பார்த்தார். சுற்றி ஒரு நடை நடந்தார்.

"திருவிழாவுல சாமிய ஊரெல்லாம் தூக்கிக்கினு போறோம். இத்த ரோட்டுக்கு அந்தாண்ட வெக்க முடியாதா?"

முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. பொக்லைன் ஓட்டுநர் தெலுங்கில் குறுக்கிட்டு, தான் தூக்கினால் நொறுங்கிவிடும், மனிதர்கள்தான் தூக்க வேண்டும் என்றார். அதுவரை வேறு பக்கம் வேலையைப் பார்ப்பதாகச் சொல்லி இயந்திரத்தை நகர்த்திக்கொண்டு போனார்.

எங்கிருந்தோ சவுக்குக் கம்பங்கள் வந்தன. கடைக்கு அடியில் நுழைத்து, லாரிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். வயலிலிருந்து ஆட்கள் வந்து, எதிர்ப்பக்கத்தில் அக்காவின் நிலத்தில் கற்களைப் பரப்பி வைத்தார்கள். இருபக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மீசைக்காரர் குரல் கொடுக்க, எல்லோரும் தோள் கொடுத்தார்கள். கடை கற்களை விட்டு எழும்பியது.

நான் அசையாமல் நின்று பார்த்தேன். அது சாலையில் நடந்து வந்தது. தகரங்கள் கலகலவென்று அதிர்ந்தன. பாதிச் சாலையில் மீசைக்காரர் நிறுத்தினார். கடையின் வாசல் சாலையைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேயே திருப்பியாக வேண்டும். தெருமுனையில் சாமியைத் திருப்புவதுபோல, ஒரு பக்கம் நிதானிக்க மறுபக்கம் சின்னச் சின்ன அடியாக வட்டமடித்தது. அப்போதுதான் பின்மூலையில் ஒரு கம்பம் விரிசல் விட்டது. கடை அந்தப் பக்கம் தாழ்ந்தது.

யாரும் கூப்பிடவில்லை. நின்றுகொண்டிருந்த சென்னைப் பேருந்திலிருந்து ஆட்கள் குதித்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள், மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும் ஒரு குடும்பம், நடத்துநர். நானும் எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை, என் தோளும் அந்த மூலைக்கு அடியில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் தெலுங்கில் ஐலசா பாட்டு எடுத்தார். பின்னால் இருந்தவர் தமிழில் பதில் கொடுத்தார். பாரம் எலும்பில் இறங்கியது. பிறகு, எல்லோருடைய மூச்சும் ஒன்றாகிய ஒரு நொடியில், அந்தப் பாரம் காணாமல் போனது. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எதிர்ப்பக்கக் கற்களில் இறக்கியபோது ஒரு பலகைகூட விழவில்லை. அக்கா யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கடையைத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்தார், உள்ளே ஏறி உட்கார்ந்தார், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பேருந்து ஹாரன் அடித்ததும் வந்தவர்கள் வந்தபடியே ஏறிப் போனார்கள்.

கடை திரும்பியதால் தகரங்களும் இடம் மாறிவிட்டன. இப்போது சென்னையிலிருந்து வருகிறவர்களை வரவேற்பது தெலுங்கு. மறுமாதமே ஆசாரியை வைத்து அக்கா உள்ளே புதுச் சட்டம் அடித்துவிட்டார், தகரங்களைத் தொடவே இல்லை.

அன்று எனக்கு இருபக்கமும் நின்று தோள் கொடுத்தவர்களின் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் கூட்டமான பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் தோள் என்மேல் இடிக்கும்போது, இப்போதெல்லாம் எரிச்சலுக்குப் பதிலாக ஒரு மரியாதைதான் வருகிறது.